முத்திரை போட வருகிறவரின் கல் சரியா? மகளின் பிராஜெக்ட் பற்றி பாலக்கோட்டு அப்பாவுக்கு

சார், பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் இசிஇ படிக்கும் மகள், இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டரைச் சோதிக்கும் கருவியை இறுதியாண்டு பிராஜெக்டாகச் செய்யலாமா, அதனால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். செய்யட்டும். வேலையைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

தக்காளி மண்டி நடத்துகிற உங்களுக்கு இது சட்டென்று பிடிபடும். உங்கள் தராசுக்கு முத்திரை போட வருகிறவர் கொண்டுவரும் எடைக்கல்லே தப்பாக இருந்தால் என்ன ஆகும்? அதே கதைதான் இங்கேயும். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் மிஷின் திரையில் 200 ஜூல் (ஷாக்கின் ஆற்றல் அளவு) என்று காட்டும், ஆனால் மாதக்கணக்கில் சும்மா கிடந்த மிஷின் உண்மையில் எவ்வளவு கொடுக்கிறது என்பதை அளந்தால்தான் தெரியும்.

நெஞ்சுக்குப் பதிலாக 50 ஓம் ரெசிஸ்டரை (மின்தடையை) வைத்து, அதன்மேல் விழும் வோல்டேஜை அளந்து, வர்க்கப்படுத்தி, ரெசிஸ்டன்ஸால் வகுத்து, ஷாக் நீடிக்கும் நேரம் முழுக்கக் கூட்டிக்கொண்டே போனால் ஜூல் வந்துவிடும். கேட்கச் சுலபம். 200 ஜூல் 10 மில்லிசெகண்டில் இறங்கினால் சராசரியாக 20 கிலோவாட், கிட்டத்தட்ட 1000 வோல்ட்! வர்க்கப்படுத்துவதால் வோல்டேஜில் 1 சதவீதம் பிசகினால் ஜூலில் 2 சதவீதம் பிசகும். அடுத்தடுத்து ஷாக் கொடுத்தால் ரெசிஸ்டர் சூடாகி அதன் மதிப்பே நகரும். சாதாரணக் கம்பிச்சுற்று ரெசிஸ்டர் போட்டால் இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதைச் சுருள் எதிர்க்கும் குணம்) சேர்ந்து அலைவடிவம் கெடும். மிஷினுக்குச் சர்வதேசத் தரம் அனுமதிக்கும் பிழை ±15 சதவீதம், சோதிக்கும் கருவியின் பிழை அதைவிடப் பல மடங்கு குறைவாக இருக்க வேண்டும். மனிதர்களின் நெஞ்சு எல்லாம் 50 ஓமும் இல்லை, அதனால் 25 முதல் 175 ஓம் வரை வெவ்வேறு லோடில், அதாவது வெவ்வேறு ரெசிஸ்டரில், பார்ப்பது நல்லது.

ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன், வீட்டிலோ ஹாஸ்டல் அறையிலோ, ஷாக்குக்கான மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டரைச் சார்ஜ் செய்ய விடாதீர்கள். முதலில் சிக்னல் ஜெனரேட்டரில் குறைந்த வோல்டேஜ், அது சரியாக வந்த பிறகு லேபில் ஆசிரியர் பக்கத்தில் நிற்க ஹை வோல்டேஜ். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பயோமெடிக்கல் இன்ஜினியர் யாரையாவது முறைப்படி அணுகி, இதே வேலையைச் செய்யும் சான்றிதழ் உள்ள கருவியோடு (அனலைசர்) ஒப்பிட்டுப் பார்க்க வழி உண்டா என்று கேட்கட்டும்.

இனி வேலை. பயோமெடிக்கல் படிக்கவில்லையே என்ற கவலை வேண்டாம். கருவிகளின் அளவு சரியா என்று பார்க்கும் காலிபரேஷன் லேப், மருத்துவமனைக் கருவிப் பராமரிப்பு, ஓசூரைத் தாண்டினால் பெங்களூரில் மருத்துவக் கருவி கம்பெனிகள் என்று இசிஇக்கும் கதவுகள் இருக்கின்றன. ஆரம்பச் சம்பளம், குறிப்பாகப் பராமரிப்பு வேலையில், பெரிதாக இருக்காது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். என்னிடம் வந்த ஒரு பையன் இப்படித்தான், அழகான பெட்டி, வண்ணத் திரை எல்லாம் செய்து இன்டர்வியூவுக்குப் போனான். இந்த ரீடிங் சரி என்று எப்படித் தெரியும் என்று கேட்டார்கள், அங்கேயே திணறிவிட்டான். உங்கள் மகள் ஒவ்வொரு லோடிலும் பத்து ஷாக், அவற்றுக்குள் எவ்வளவு வித்தியாசம், ரெசிஸ்டர் எவ்வளவு சூடானது என்று நோட்டில் எழுதிவரட்டும், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போகட்டும்.

பெட்டிக்குச் செலவு செய்யாதீர்கள் சார். ரெசிஸ்டருக்கு மட்டும் கணக்குப் பார்க்க வேண்டாம்.