குவான்ட் படிப்புக்கு ரெண்டு அட்மிட்: பேரைப் பார்க்கவா, ஃபீஸைப் பார்க்கவா?

கேள்வி: இன்ஜினியரிங் முடிச்சு மூணு வருஷமா சாப்ட்வேர் வேலைல இருக்கேன். குவான்ட் ஃபைனான்ஸ் (கணக்கையும் ப்ரோக்ராமிங்கையும் வெச்சு ஃபைனான்ஸ் வேலை பார்க்கிற துறை) மாஸ்டர்ஸுக்கு ரெண்டு இடத்துல அட்மிட் வந்திருக்கு. ஒண்ணு பெரிய பேர் உள்ள யுனிவர்சிட்டி, ஒரு வருஷ கோர்ஸ். இன்னொண்ணு பேர் அவ்வளவா தெரியாத இடம், ஒன்றரை வருஷம், ஃபீஸ் பாதிதான். கன்சல்டன்ட் பெரிய இடத்துக்கு இன்னிக்கே டெபாசிட் கட்டச் சொல்றார். கட்டிடவா?

பதில்: இன்னிக்கு கட்டாதீங்க. அந்த கன்சல்டன்ட்டுக்குப் பணம் யார் குடுக்கிறாங்கன்னு முதல்ல கேளுங்க. உங்ககிட்ட ஒரு பைசா வாங்காம 'ஃப்ரீ கைடன்ஸ்'னு சொல்றவங்கள்ல நிறைய பேர் யுனிவர்சிட்டிகிட்ட கமிஷன் வாங்குறவங்கதான், அதுவும் பல இடத்துல நீங்க கட்டுற ஃபீஸ்ல இத்தனை சதவீதம்னு பேச்சு, அப்போ ஃபீஸ் ஏற ஏற அவருக்கு அந்த கோர்ஸ் நல்ல கோர்ஸாத்தானே தெரியும்.

அடுத்தது பிளேஸ்மென்ட் ரிப்போர்ட். '90% பேருக்கு வேலை'ன்னு கொட்டை எழுத்துல இருக்கும், நீங்க அடியில இருக்கிற பொடி எழுத்தைப் படிங்க. உதாரணத்துக்கு 80 பேர் படிச்சாங்கன்னு வைங்க, 50 பேர்தான் தகவல் குடுத்தாங்க, அதுல 45 பேருக்கு வேலை, உடனே 90% ஆயிடுச்சு. அந்த 45ஐ 80ஆல வகுத்துப் பாருங்க, 56%தான் வரும். என்ன வேலைங்கிறதையும் பாருங்க, ஆப்ஷனுக்கு (ஒரு பங்கைப் பின்னாடி குறிச்ச விலையில வாங்கவோ விக்கவோ உரிமை தர்ற ஒப்பந்தம்) விலை கணக்குப் போடற மாடல் எழுதறவரையும் தினமும் எக்செல்ல ரிஸ்க் ரிப்போர்ட் அனுப்பறவரையும் ஒரே வரியில 'ஃபைனான்ஸ்'னு போட்டு முடிச்சிருப்பாங்க. கடன் வாங்கிப் படிக்க வர்றவன் பூதக்கண்ணாடி வெச்சுத் தேடணும்னு விட்டு வெச்சிருக்கிறதைப் பார்த்தா எனக்கு எரிச்சல்தான் வருது.

பேர் விஷயம். நியூயார்க்ல பரூக் காலேஜ்னு ஒண்ணு, நகரத்தோட பொது யுனிவர்சிட்டியைச் சேர்ந்தது. வெளியில சொன்னா 'அது எங்க இருக்கு'ன்னு கேப்பாங்க, ஆனா டிரேடிங் டெஸ்க்ல (பங்கு, பத்திரம்னு வாங்கி விக்கிற டீம்ல) இருக்கிறவங்களுக்கு அங்க இருக்கிற குவான்ட் கோர்ஸை நல்லாத் தெரியும், ஃபீஸும் பக்கத்துல இருக்கிற பெரிய பேர்களை விட ரொம்பக் கம்மி. ஆள் எடுக்கிறவங்களுக்குத் தெரியணும், சொந்தக்காரங்களுக்குத் தெரியணும்னு அவசியமில்ல.

உங்க கேஸ்ல நான் பெருசா பார்க்கிறது இன்டர்ன்ஷிப். ஒரு வருஷ கோர்ஸ்ல கோடை லீவே வராது, செப்டம்பர்ல கிளாஸ் ஆரம்பிக்கும், அதே செப்டம்பர் அக்டோபர்லயே கம்பெனிங்க ஆள் தேட ஆரம்பிச்சுடுவாங்க, முதல் பரீட்சை கூட எழுதாத நீங்க ரெஸ்யூமேல எதைப் போடுவீங்க? அமெரிக்காவுல கார்னகி மெலன் யுனிவர்சிட்டில 1994ல இருந்து ஓடற குவான்ட் கோர்ஸ் சுமார் 16 மாசம், நடுவுல கோடையில இன்டர்ன்ஷிப், அதுல எடுத்தவங்களே வேலைக்கும் கூப்பிடுற வாய்ப்பு உண்டு. இதுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கு, அதைக் காட்டித்தான் கன்சல்டன்ட்டுங்க உங்க வாயை அடைப்பாங்க: கலிஃபோர்னியாவுல இருக்கிற பெர்க்லி யுனிவர்சிட்டி கோர்ஸ். அதுவும் ஒரு வருஷம்தான். ஆனா அங்க மார்ச்ல ஆரம்பிச்சு, அக்டோபர் நடுவுல இருந்து ஜனவரி வரைக்கும் இன்டர்ன்ஷிப்புக்குன்னே கிளாஸை நிறுத்திடுவாங்க, அதாவது ஒரு வருஷத்துக்குள்ளயே அந்த இடத்தை ஒதுக்கி வெச்சுட்டாங்க. உங்க கோர்ஸ் அப்படியான்னு டைம்டேபிளை வாங்கிப் பாருங்க. அந்த இடைவெளி இல்லன்னா பெர்க்லி பேரை இழுக்கிறதுல அர்த்தமே இல்ல.

ப்ராபபிலிட்டி, லீனியர் ஆல்ஜீப்ரா, சி ப்ளஸ் ப்ளஸ், இது மூணையும் எங்க சேர்ந்தாலும் இப்பவே தூசி தட்டிக்கோங்க.

ரெண்டு இடத்துக்கும் இன்னிக்கே மெயில் போடுங்க: போன பேட்ச்ல மொத்தம் எத்தனை பேர், எத்தனை பேர் தகவல் குடுத்தாங்க, இன்டர்ன்ஷிப் எந்த மாசம், நடுவுல நிக்கிறவரோட சம்பளம் எவ்வளவு (சராசரி வேண்டாம், ஹெட்ஜ் ஃபண்டுக்கு (பெரும் பணக்காரங்க பணத்தை முதலீடு பண்ற கம்பெனி) கொழுத்த சம்பளத்துல போன ஒரே ஆள் அதைத் தூக்கி விட்டுடுவார்). டெபாசிட்டுக்கு ஒரு வாரம் டைமும் அதே மெயில்லயே கேளுங்க, கன்சல்டன்ட் மூலமா வேண்டாம், நேரா. சின்ன இடத்துல இருந்து ஒழுங்கா நம்பர் வந்து இன்டர்ன்ஷிப்பும் இருந்தா, நானா இருந்தா அங்கதான் கட்டுவேன்.