நண்பர்கள் எட்டுப் பேர், மூன்று நாள், கும்பகோணம் பக்கம்: எப்படித் திட்டமிடுவது?

சென்னையிலிருந்து நண்பர்கள் எட்டுப் பேர் மூன்று நாள் கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் போகிறோம், மனஸ்தாபம் வராமல் எப்படித் திட்டம் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குச் சொந்த ஊர் கும்பகோணத்துக்குப் பக்கத்தில். கல்லூரி நண்பர்கள் ஒன்பது பேர் ஆறு வருடமாகச் சேர்ந்து எங்காவது போய்வருகிறோம், அதில் இரண்டு முறை எங்கள் ஊர்ப் பக்கம்தான்.

இடத்தைப் பேசுவதற்கு முன்னால் பணத்தைப் பேசுங்கள். அதையும் குழுவில் வைத்துப் பேசாதீர்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகப் போன் செய்து, எவ்வளவு முடியும் என்று கேளுங்கள். எங்கள் முதல் பயணத்தில் தலைக்கு ஏழாயிரம் என்று ஒருவன் வாட்ஸ்அப்பில் போட்டான், எல்லோரும் சரி சொல்லிவிட்டோம். கிளம்புவதற்கு முதல் நாள் இரவு ஒரு நண்பன் காய்ச்சல் என்று சொல்லி நின்றுவிட்டான். அந்த மாதம் அவன் தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியிருந்தான். ரொம்ப நாள் கழித்து அவன் அம்மா சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். அத்தனை பேர் நடுவில் "என்னால் முடியாதுடா" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? இன்றைக்கும் அது எனக்கு மனசை உறுத்துகிறது. அதற்கப்புறம், தனியாகக் கேட்டதில் எது குறைந்த தொகையோ அதுதான் எல்லோருக்கும் பட்ஜெட். அது யார் சொன்ன தொகை என்பது கேட்டவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியக் கூடாது.

பாதிப் பணத்தை முன்கூட்டியே ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். வேன் வாடகை, அறை, சாப்பாடு எல்லாம் அவர் கையிலிருந்தே போகட்டும். டீக்கடைக்கு டீக்கடை பங்கு பிரித்துக்கொண்டிருந்தால் மூன்றாம் நாள் முகம் சுருங்கிவிடும்.

அப்புறம் தேதி. முடிவு செய்யும் முன் தினசரிக் காலண்டரைப் பாருங்கள். முகூர்த்த நாள் என்றால் எங்கள் பக்கம் லாட்ஜ் அறைகளையும் வேன்களையும் கல்யாண வீட்டுக்காரர்கள் முன்பே பிடித்துவிடுவார்கள். ரயிலுக்கு 60 நாள் முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது, அன்று காலையிலேயே போட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம், அடைமழைக் காலம். காவிரியில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் ஆடி, ஆவணி நல்லது. வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் அணையைத் திறப்பார்கள், இருப்பு குறைவான வருடங்களில் அது தள்ளிப்போகும். என்னைக் கேட்டால் பொங்கல் முடிந்த வாரத்தைச் சொல்வேன். சம்பா வயல் முற்றிச் சாய்ந்து நிற்கும், காலையில் பனி இருக்கும், வெயிலும் உறைக்காது.

கும்பகோணத்தில் தங்குங்கள். சிற்பங்களுக்குப் பேர்போன கோயில் இருக்கும் தாராசுரம் நான்கு கிலோமீட்டர்தான், தஞ்சாவூர் நாற்பது. ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் வைக்காதீர்கள். நாங்கள் முதல் தடவை மூன்று நாளில் பதினான்கு இடம் எழுதிவைத்திருந்தோம். இங்கே பெரும்பாலான கோயில்களில் மதியம் பன்னிரண்டு மணிவாக்கில் நடை சாத்தி நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். பதினொன்றரைக்கு மேல் வெறுங்காலோடு கருங்கல் தரையில் நடக்கவும் முடியாது. அந்த நான்கு மணி நேரத்தை இலைச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் விட்டுவிடுங்கள். எங்கள் குழுவில் மனம்விட்டுப் பேசியதெல்லாம் அந்த மதிய நேரத்தில்தான்.

நான் போடும் திட்டம் இதுதான். முதல் நாள் மாலை தஞ்சைப் பெரிய கோயில், மறுநாள் அதிகாலை கிளம்பி அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டி கங்கைகொண்ட சோழபுரம். ராஜராஜன் 1010இல் கட்டி முடித்த விமானம் நேராக ஏறும், மகன் ராஜேந்திரன் கட்டியது உள்வாங்கி வளைந்து ஏறும். அடுத்தடுத்துப் பார்த்தால்தான் அந்த வித்தியாசம் கண்ணில் நிற்கும். தாராசுரத்துக்கு ஒரு மாலை முழுதும் கொடுங்கள், தூண்களில் விரல் அளவுக்குச் சிற்பங்கள் இருக்கின்றன, அவசரமாகப் பார்த்தால் எதுவும் தெரியாது. கடல் வேண்டும் என்பவர்கள் இருந்தால் மூன்றாம் நாள் தரங்கம்பாடி, டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை கரையிலேயே நிற்கிறது. வர விரும்பாதவர்கள் அறையில் படுத்திருக்கட்டும், இழுக்காதீர்கள்.

ஆற்றில் இறங்குவதாக இருந்தால் ஊர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையில் மட்டும் இறங்குங்கள். கொள்ளிடத்தில் மேலே முழங்கால் தண்ணீர் போலத் தெரியும், மணல் அள்ளிய பள்ளம் அடியில் இருக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் அங்கே உயிரை விட்டிருக்கிறார்கள். இறங்கும் முன் கரையில் இருக்கும் யாரையாவது கேட்டுவிடுங்கள்.