குளோரோபென்சீன்ர குளோரின் ஏன் கழரமாட்டன் எண்டுது? கேளுங்கோ, சொல்லுறன்

கேள்வி (உயர்தரம் படிக்கிற தங்கச்சி): சேர், குளோரோஈதேனுக்கு சோடியம் ஐதரொட்சைட்டு போட்டா குளோரின் போகுது, குளோரோபென்சீனுக்கு போகுதில்ல, காரணம் பரிவு (இலத்திரன் ஒரு இடத்தில நிக்காமல் பரவி நிக்கிறது) எண்டு எழுதினா காணுமோ?

பதில்: காணாது பிள்ளை, அரைவாசிப் புள்ளிதான் வரும். குளோரோபென்சீன் எண்டா ஆறு காபன் சேர்ந்த பென்சீன் வளையத்தில நேர ஒரு குளோரின் ஒட்டினது. குளோரின்ர தனிச்சோடி இலத்திரன் வளையத்துக்க இறங்குறதால அந்தப் பிணைப்பு கொஞ்சம் இரட்டைப் பிணைப்பு மாதிரி ஆகுது, அதோட குளோரின் பிடிச்சிருக்கிற அந்தக் காபன் எஸ்பி2 எண்ட கலப்பு வகை, அது இலத்திரனை தன்ர பக்கம் இழுத்து வைச்சிருக்கும். அளந்து பாத்தாலும் தெரியும், சாதாரண அல்கைல் குளோரைட்டில காபன்-குளோரின் நீளம் 177 பிக்கோமீற்றர், இதில 169, நீளம் குறைஞ்சா பிணைப்பு பலம். பேந்து ஐதரொட்சைட்டு பின்பக்கத்தால வர ஏலாது, வளையம் குறுக்க நிக்குது, முன்னால வந்தாலும் வளையத்தின்ர இலத்திரன் முகில் தள்ளிவிடும். இவ்வளவையும் எழுதும்.

கேள்வி: ஆய்வுகூடத்தில ரெண்டு போத்தில், லேபல் கழண்டு போச்சு, ஒண்டு குளோரோபென்சீன், மற்றது பென்சைல் குளோரைட்டு. எப்பிடி பிரிக்கிறது?

பதில்: மூடியைத் திறந்து மணந்து பாக்காதேங்கோ தம்பி, பென்சைல் குளோரைட்டு கண்ணைப் பிழிஞ்செடுக்கும், எனக்கு ஒருக்கா பட்டது, கண்ணைத் திறக்கவே ஏலேல்ல. ஒவ்வொண்டிலயும் ரெண்டு மூண்டு துளி எடுத்து சோடியம் ஐதரொட்சைட்டோட சூடாக்கி, ஆறவிட்டு, ஐதான நைத்திரிக்கமிலம் விட்டு அமிலமாக்கிப்போட்டு வெள்ளி நைத்திரேற்று விடுங்கோ. வெள்ளை வீழ்படிவு வந்தது பென்சைல், அதில குளோரின் வளையத்தில இல்லை, வெளியில தொங்குற காபனில, அதால லேசாக் கழரும். சும்மா நிண்டது குளோரோபென்சீன். அமிலம் விட மறந்தா மண்ணிறமா வெள்ளி ஒட்சைட்டு வந்து ஆளைக் குழப்பும், பெடியள் கனபேர் பிழைக்கிற இடம் உதுதான்.

கேள்வி: அப்ப உதைக் கழட்டவே ஏலாதோ அண்ணை?

பதில்: ஏலும், அடிச்சுத்தான் கழட்டோணும். சோடியம் ஐதரொட்சைட்டோட சுமார் 350 பாகை செல்சியஸ், 300 வளிமண்டல அமுக்கம், அப்பதான் பீனோல் வரும். ஆனா பராவில, எண்டா குளோரினுக்கு நேரெதிரில, ஒரு நைத்திரோ (NO2) கூட்டத்தை வைச்சா சங்கதி மாறும், அது இலத்திரனைத் தன்பக்கம் இழுக்க 160, 170 பாகையே காணும், ஓதோ (குளோரினுக்குப் பக்கத்து ரெண்டு இடம்), பரா எல்லாம் சேத்து மூண்டு நைத்திரோ எண்டா வெறும் சுடுதண்ணிக்கே விட்டுக்குடுத்திடும். ஒரு நைத்திரோ உள்ளதுதான் பரசிற்றமோல் செய்யுற வழியில ஒரு படி. குளோரினைக் கழட்டி நைத்திரோபீனோல், அதைத் தாழ்த்தி (ஒட்சிசனைக் கழட்டி ஐதரசன் ஏத்தி) அமினோபீனோல், அதுக்கு அசற்றைல் போட்டா காய்ச்சலுக்குப் போடுற குளுசை.

கேள்வி (பேரப்பிள்ளையின்ர போனில எழுதுறன்): நாங்கள் சின்னனா இருக்கேக்க வீட்டுச் சுவரெல்லாம் நுளம்புக்கு டி.டி.ரி மருந்து அடிச்சவங்கள். அதுக்கும் உதுக்கும் தொடர்போ?

பதில்: நேரடித் தொடர்பு ஐயா. ரெண்டு குளோரோபென்சீனையும் ஒரு குளோரலையும் (மூண்டு குளோரின் உள்ள ஒரு அல்டிகைட்டு) செறிந்த சல்பூரிக்கமிலம் விட்டுச் சேத்தா டி.டி.ரி. 1874 இல சைட்லர் எண்டவர் செய்தவர், அது பூச்சி கொல்லும் எண்டு 1939 இலதான் சுவிஸில போல் முல்லர் கண்டுபிடிச்சார், 1948 இல நோபல் பரிசு. இலங்கையில அடிச்சு அடிச்சு 1963 இல நாடு முழுக்க மலேரியா 17 பேருக்குத்தான், அதோட விட்டாச்சு எண்டு அடிக்கிறதைக் குறைக்க 1969 இல 5 லட்சத்துக்கு மேல! மலேரியா இல்லாத நாடு எண்ட பேர் வர 2016 ஆகிட்டுது. மலேரியா திரும்பினதும் திருப்பி அடிக்கேக்க நுளம்பும் பழகிப்போச்சு. நுளம்பு என்ன செய்யுதெண்டா டி.டி.ரியின்ர நடுவில இருக்கிற மூண்டு குளோரினில ஒண்டை ஐதரசனோட சேத்துக் கழட்டி தனக்கு நஞ்சில்லாததா மாத்திடும். வளையத்தில இருக்கிற ரெண்டில கைவைக்கேல்ல, தங்கச்சியின்ர கேள்வியும் உதுதான். அந்த ரெண்டும் சட்டெண்டு அழியாததாலதான் மண்ணிலயும் கொழுப்பிலயும் வருசக்கணக்கா கிடக்குது.

கேள்வி (கொக்குவில்): அலுமாரிக்க போடுற வெள்ளை உருண்டையும் உந்தச் சாதியோ?

பதில்: சிலது, அக்கா. ஒண்டு நப்தலீன், அதில குளோரினே இல்லை. மற்றது பராடைகுளோரோபென்சீன், வளையத்தில எதிரெதிரா ரெண்டு குளோரின், திண்மமா நிண்டு அப்பிடியே ஆவியாகும். ஆனையிறவு உப்பை இனிக் கரையாது எண்ட அளவுக்குத் தண்ணியில கரைச்சு உருண்டையைப் போடுங்கோ, மிதந்தா நப்தலீன், தாண்டா டைகுளோரோ. குழந்தைப் பிள்ளையளின்ர உடுப்புக்க ரெண்டையும் வைக்காதேங்கோ, பாத்து முடிய அந்தத் தண்ணியையும் கையோட ஊத்திப்போடுங்கோ.