பாங்காக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

கேள்வி: என் மகள் பாங்காக்கின் க்ளோங் தோய் பகுதியில் ஏழைக் குழந்தைகளுக்கான மையம் ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறாள். ஞாயிறு மட்டும் விடுமுறை. 'சேவை செய்ய வந்த இடத்தில் ஊர் சுற்றலாமா?' என்று அறையிலேயே அடைந்து கிடக்கிறாள். கையில் பணமும் குறைவு. அவளுக்கு என்ன சொல்வது?
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: முதலில் அவளை வெளியே போகச் சொல்லுங்கள், அம்மா. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நானும் அதே பகுதியில் சில மாதங்கள் பணியாற்றினேன். வாரம் முழுவதும் காய்ச்சலையும் அழுகையையும் பார்த்த மனதுக்கு மாற்றம் வேண்டும். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் துறைமுகத்திலும் சந்தையிலும் உழைப்பவர்கள். அவர்கள் உழைக்கும் நகரத்தைப் பார்க்காமல் அந்தக் குடும்பங்களை எப்படிப் புரிந்துகொள்வது? ஊர் சுற்றுவதும் அவள் பணிக்கு உதவும் என்றே நான் நம்புகிறேன்.

பெரிய வணிக வளாகங்கள் வேண்டாம். ஒரே நாளில் எல்லாக் கோயில்களையும் பார்க்கவும் வேண்டாம். சாவ் பிரயா ஆற்றங்கரையோடு போகட்டும், போதும்.

க்ளோங் தோயில் சுரங்க ரயிலின் நீலத் தடத்தில் ஏறினால் வண்டி மாறாமல் சனாம் சாய் போய்விடலாம். பக்கத்திலேயே பாக் க்ளோங் தலாட் பூச்சந்தை. காலையிலேயே போக வேண்டும். காவிரிக்கரைப் பெண்ணுக்கு அங்கிருந்து கால் நகராது. நாம் மல்லிகையை நாரில் தொடுக்கிறோம். அவர்கள் நீண்ட ஊசியில் மொட்டுகளை வட்டம் வட்டமாக, இடைவெளி தெரியாமல் குத்தி அடுக்கி, பிறகு அப்படியே நூலுக்கு இறக்குகிறார்கள். தாமரை மொட்டின் இதழ்களை ஒவ்வொன்றாக உள்ளே மடித்துவிடுவதையும் பார்க்கலாம். விரல்கள் போகும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன்.

பிறகு தா தியென் துறைக்கு நடந்து, அக்கரைக்குப் படகேறினால் வாட் அருண் என்ற புத்தர் கோயில். உடைந்த சீனப் பீங்கான் துண்டுகளால் பூவும் இலையும் இழைத்த கோபுரம் அது. உள்ளே போகக் கட்டணம் உண்டு. தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்தியிருக்க வேண்டும். தா தியென் அருகிலுள்ள அரச அரண்மனைப் பக்கம் யாராவது வந்து, 'இன்று மூடிவிட்டார்கள், என் ஆட்டோவில் வேறு இடம் காட்டுகிறேன்' என்றால் நம்பவே வேண்டாம். அது அங்கே பழைய ஏமாற்று.

அங்கிருந்து ஆரஞ்சுக் கொடிப் படகில் சாத்தோர்ன் துறை வரை வரட்டும். சுற்றுலாப் படகைவிட மலிவு, ஊர் மக்கள் போகும் படகு. துறை நெருங்கும்போது பின்னால் நிற்கும் ஊழியர் விசில் ஒலியாலேயே படகோட்டிக்கு வழி சொல்வார். படகு கரையைத் தொட்டதும் தயங்காமல் ஏறிவிட வேண்டும். நடத்துநர் பெண்மணி உலோகக் குழல் ஒன்றைக் கலகலவென்று ஆட்டிக்கொண்டு வருவார். சில்லறை, டிக்கெட் எல்லாம் அதற்குள்தான். பிக்குகளுக்கென்று ஒதுக்கிய இடம் உண்டு. அவர்கள் மேல் படாமல் பெண்கள் விலகி நிற்பது அங்கே மரியாதை.

சாத்தோர்னிலிருந்து சிலோம் சாலை அருகில்தான். 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் அங்கே இருக்கிறது. 'வாட் கேக்' என்று கேட்டால் வழி காட்டுவார்கள். மாலையும் பழத்தட்டுமாக வரும் தாய்லாந்து இளைஞர்களைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது.

மாலையில் லும்பினி பூங்கா. ஏரிக்கரையில் பெரிய பெரிய நீர் உடும்புகள் சாவகாசமாக நடக்கும், சீண்டாதவரை பயமில்லை. ஆறு மணிக்கு தேசிய கீதம் ஒலித்ததும் ஓடிக்கொண்டிருப்பவர்கள்கூட அசையாமல் நிற்பார்கள். அவளும் நிற்கட்டும். சிலோம் நிலையத்திலிருந்து க்ளோங் தோய் இரண்டாவது நிறுத்தம். நேரத்தோடு அறைக்குத் திரும்பிவிடலாம்.

கேள்வி: தாய்லாந்தில் சைவச் சாப்பாடு கிடைக்குமா?
– வாசகர், ஈரோடு

பதில்: கிடைக்கும், ஆனால் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது. காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துகள், தூரத்திலிருந்து 17 என்ற எண் போலத் தெரிந்தால் அது 'ஜே' எனப்படும் கண்டிப்பான சைவ உணவுக் கடை. முட்டை, மீன் சாறு மட்டுமல்ல, பூண்டும் சேர்க்க மாட்டார்கள். மற்ற கடைகளில் 'கின் ஜே' என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் ஜே உணவு சாப்பிடுபவர் என்று புரிந்துகொண்டு, முடியாதென்றால் நேராகவே சொல்லிவிடுவார்கள்.