பிளட்டூனில் மூத்தவர்கள் மனம்திறந்து பேசாதது குறித்து

வணக்கம். திருமங்கலத்திலிருந்து சென்று, சென்னை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியை முடித்து, லெப்டினன்டாகப் பிளட்டூன் எனும் சிறு படைப்பிரிவின் பொறுப்பேற்ற உங்களிடம் வயதில் மூத்த ஹவில்தார்கள் 'சரி சார்' என்பதற்கு மேல் பேசுவதில்லை என்றும், பணிவு காட்டினால் கட்டுப்பாடு குலையுமோ என்றும் எழுதியிருந்தீர்கள். சுபேதாராக ஓய்வு பெற்று உசிலம்பட்டியில் வசிக்கும் எனக்கு அந்த அச்சம் தேவையற்றதாகவே படுகிறது.

திட்டத்தை அறிவிக்கும் முன் உங்கள் ஜேசிஓவை, அதாவது வீரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் இடையே நிற்கும் சுபேதார் நிலை மூத்தவரை, தனியே அழைத்து, 'இதில் நான் எதைக் கவனிக்கவில்லை?' என்று கேளுங்கள். ஆட்கள் முன்னிலையில் கேட்டால் உங்கள் மரியாதையைக் காக்க அவர் மௌனமாகவே இருப்பார். அவர் சொல்லி ஒன்றை மாற்றினால், அது அவருடைய யோசனை என்பதை எல்லோர் முன்னும் சொல்லுங்கள். முடிவெடுத்த பிறகு உறுதியாக நில்லுங்கள்.

1932-இல் டேராடூன் ராணுவ அகாடமியைத் திறந்து வைத்த அன்றைய தலைமைத் தளபதி செட்வுட், நாட்டுக்கு அடுத்தபடியாக வீரர்களின் நலனையும், கடைசியாகவே அதிகாரியின் சுகத்தையும் வைத்தார். விடுப்பு விஷயத்தில்தான் இது சோதிக்கப்படும். பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் வரும் வாரத்தில் வீட்டில் நடவுக்கு ஆளில்லை என்ற கவலை மேலூர்க்காரருக்கு எவ்வளவு பெரிது என்பதை நீங்கள் அறிவீர்கள். வேற்று மாநில வீரரின் கவலையையும் அதே பொறுமையுடன் கேளுங்கள். விடுப்பு தர இயலாவிட்டால், எழுத்தர் மூலம் சொல்லியனுப்பாமல், காரணத்தை நீங்களே நேரில் சொல்லுங்கள்.