வாசகர் கேள்வி – பதில்: நம் பாட்டை நாமே வெளியிடலாம்

கேள்வி: நாங்கள் நான்கு பேர் சேர்ந்து இசைக்குழு நடத்துகிறோம். உடுக்கை, பறை, கிட்டார் ஆகியவற்றோடு நாங்களே எழுதி மெட்டமைத்த ஆறு தமிழ்ப் பாடல்களைப் பொள்ளாச்சியில் பதிவு செய்திருக்கிறோம். யூடியூப் சேனல் நடத்தும் ஒருவர், உரிமையை முழுவதுமாக எழுதிக் கொடுத்தால் செலவில்லாமல் வெளியிட்டுத் தருவதாகச் சொல்கிறார். நாங்களே வெளியிட வழி உண்டா?
– வாசகர் ஒருவர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: உண்டு; ஆகவே எழுதிக் கொடுக்காதீர்கள். அவர் செய்யப்போகும் வேலையை இன்று சிறிய கட்டணத்தில் நீங்களே செய்துகொள்ளலாம். பாட்டுக் கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபை கலைஞர்களிடமிருந்து பாடல்களை நேரடியாக வாங்குவதில்லை. 2018-இல் அதற்கு ஒரு சோதனை முயற்சி நடந்து, மறு ஆண்டே கைவிடப்பட்டது. எனவே டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், 1998-இலிருந்து இயங்கிவரும் சிடி பேபி போன்ற, பாடல்களைச் செயலிகளில் ஏற்றித் தரும் விநியோக நிறுவனங்கள் வழியாகத்தான் செல்ல வேண்டும். டிஸ்ட்ரோகிட்டில் ஆண்டுச் சந்தா கட்டி எத்தனை பாடல்களை வேண்டுமானாலும் ஏற்றலாம். ஆனால் சந்தாவை நிறுத்தினால், தனிக் கட்டணம் செலுத்தி வைத்திருந்தாலொழிய, பாடல்கள் நீக்கப்பட்டுவிடும். சிடி பேபியில் ஒரு வெளியீட்டுக்கு ஒருமுறை கட்டினால் போதும். வருமானத்தில் 9 சதவீதத்தை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஆறு பாடல்களோடு தொடங்கும், அடுத்த பதிவு எப்போது என்று தெரியாத குழுவுக்கு ஒருமுறைக் கட்டணமே ஏற்றது என்பது என் கருத்து.

ஏற்றும் படிவத்தில் அவசரம் கூடாது. குழுவின் பெயரில் உள்ள ழகரத்தை ஒரு பாட்டுக்கு ஒருவிதமாகவும் அடுத்ததற்கு வேறுவிதமாகவும் ஆங்கில எழுத்தில் அடித்தால், ஒரே குழு இரண்டு கலைஞர் பக்கங்களாகப் பிரிந்துவிடக்கூடும். முகவரி கேரளமாக இருந்தாலும் மொழி என்ற இடத்தில் தமிழைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற குறியீடு கிடைக்கும்; எழுத்தும் எண்ணும் கலந்து 12 இடங்கள் கொண்டது அது. அதைக் குறித்து வைத்திருந்தால், பின்னாளில் நிறுவனம் மாறும்போது அதே குறியீட்டோடு மாறலாம். ஸ்டுடியோவிலிருந்து எம்.பி.3 மட்டும் வாங்கி வந்துவிடாமல் தரம் குறையாத வேவ் (WAV) கோப்புகளையும் கேட்டு வாங்குங்கள். வெளியீட்டு நாளுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பே ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழுவுக்குப் பாடலைப் பரிந்துரைத்துவிட வேண்டும்.

வருமானத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். 2024 முதல், கடந்த 12 மாதங்களில் 1000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்கு ஸ்பாட்டிஃபையில் ராயல்டி (உரிமைத் தொகை) கிடையாது. இந்தக் கணக்கு ஆறு பாடல்களுக்கும் தனித்தனியே பார்க்கப்படும். விநியோக நிறுவனம் தருவதும் பதிவுக்குரிய பணம் மட்டுமே. வரிக்கும் மெட்டுக்கும் உரிய ராயல்டி, அதை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பின் வழியாக வருவதால், எழுதியவரும் இசையமைத்தவரும் அதில் உறுப்பினராகச் சேர வேண்டும். அதற்கு முன், எந்தப் பாட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒரு தாளில் எழுதி நான்கு பேரும் கையெழுத்திடுங்கள். நண்பர்களுக்குள் இது எதற்கு என்று தோன்றும். நண்பர்களாகவே நீடிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

அந்தச் சேனல்காரரிடம் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தாலும் எல்லாம் போய்விடவில்லை. உரிமை மாற்றப் பத்திரத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும் என்கிறது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுத்துவிட முடியாதபடி 2012-இல் அது திருத்தப்பட்டும் இருக்கிறது.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் உறவினர்கள் எங்கள் பாட்டை விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறோம் என்கிறார்கள். பாட்டு விற்கும் இணையதளமான பேண்ட்கேம்ப் சரிவருமா?
– வாசகி ஒருவர், வேலந்தாவளம்

பதில்: வெளிநாட்டு ரசிகர்களுக்கு அதைவிட நேர்மையான கடை எனக்குத் தெரிந்து இல்லை. விலையை நீங்களே வைக்கலாம். விரும்பியவர்கள் கூடுதலாகத் தரவும் இடமுண்டு. டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதத்தை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். விற்பனை 5000 டாலரைத் தொட்டபின் அது 10 சதவீதமாகக் குறையும். பணம் அனுப்பும் கட்டணம் தனி. பணம் பேபால் என்ற இணையப் பணப் பரிமாற்றச் சேவை வழியாக வருவதில்தான் சிக்கல்: 2021 ஏப்ரல் 1 முதல் பேபால் இந்தியாவுக்குள்ளான சேவையை நிறுத்திவிட்டது, வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை மட்டுமே பெறலாம். ஆகவே பாலக்காட்டிலும் கோவையிலும் இருப்பவர்களுக்கு யு.பி.ஐ. வழியாகப் பணம் பெற்றுக்கொண்டு, பாடல் கோப்புகளை நீங்களே அனுப்பிவையுங்கள். மாரியம்மன் கோயில் விழாவில் உங்கள் பாட்டைக் கேட்டுவிட்டு மேடையருகே வந்து நிற்பவர்தான் உங்கள் முதல் வாடிக்கையாளர். அவர் கண்ணில் படும்படி கியூஆர் அட்டை ஒன்றை வைத்திருங்கள்.

கேள்வி: ஊரில் வயதான அம்மாக்கள் பாடும் கும்மிப் பாட்டுகளைப் பதிவு செய்து ஏற்றலாமா? யாருடைய அனுமதி வேண்டும்?
– வாசகர் ஒருவர், கோவிந்தாபுரம்

பதில்: தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டு, ஆக்கியவர் யாரென்றே தெரியாத பழம்பாட்டுக்குப் பொதுவாக யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் பாடிய அம்மாவுக்கு நிகழ்த்துநர் உரிமை உண்டு, அது 50 ஆண்டுகள் நிற்கும். எனவே அவரிடம் எழுத்தில் ஒப்புதல் பெற்று, பாடகர் என்ற இடத்தில் அவர் பெயரையே பதிவிட்டு, வருமானத்தில் பங்கும் கொடுங்கள்; ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று மட்டும் போட்டு அவர் பெயரை விட்டுவிடுவது அநியாயம். பாட்டுக்கு நடுவே சினிமா மெட்டு ஒன்று கலந்திருந்தால் அதற்குத் தனி உரிமம் வேண்டும். யூடியூப் உரிமைக் கண்காணிப்பில் (கன்டென்ட் ஐடி) சேர்க்கவா என்று படிவம் கேட்கும்போது, கும்மிப் பாட்டுகளுக்கு வேண்டாம் என்றே குறியுங்கள். இல்லையேல் அதே மெட்டைப் பாடும் பக்கத்து ஊர்க் குழுவின் வீடியோ மீது உங்கள் பெயரில் உரிமைக் கோரிக்கை போய் நிற்கக்கூடும்.