எழுந்தால் கண் இருட்டுகிறது, பக்கவாதம் வருமா?

உங்கள் அண்ணனுக்கு வந்தது உங்களுக்கும் வந்துவிடுமோ என்பதுதான் நான்கு பக்கக் கடிதத்தின் சாரம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது பக்கவாதம் இல்லை. கட்டிலைவிட்டு எழுந்ததும் கண் இருட்டுகிறது, திரும்ப உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது என்கிறீர்கள். பக்கவாதம் ஆள் உட்காருகிறாரா நிற்கிறாரா என்று பார்த்து வந்து போகாது.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. உடனே தானியங்கி நரம்புகள் ரத்தக் குழாய்களை இறுக்கி, இதயத்தைக் கொஞ்சம் விரட்டி, மூளைக்குப் போகிற ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். உங்களுக்கு 56 வயது, சர்க்கரைக்கு 16 வயது. பாதத்தை மரத்துப்போக வைத்த அதே சர்க்கரை இந்த நரம்புகளையும் அரித்திருக்கலாம். படுத்து ஐந்து நிமிடம் கழித்து ஒரு பிரஷர், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், நிற்கும்போது பிரஷர் இறங்குவதால்தான் கண் இருட்டுகிறது என்று புரிந்துவிடும்.

மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிறீர்களே, தலைசுற்றலுக்கான புரோக்ளோர்பெரசின், அதை இன்றே நிறுத்துங்கள். நிற்கும்போது பிரஷரை இன்னும் இறக்குகிற மாத்திரை அது. சிறுநீருக்கான டாம்சுலோசினும் அப்படிச் செய்யக்கூடியதுதான். ஆனால் அதை நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

சாப்பிடும்போது முகம் வியர்ப்பதும் இதே நரம்புக் கோளாறாக இருக்கலாம். ஆபத்தில்லை, ஒரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள். ‘மூளை நரம்பு சுருங்கிவிட்டது’ என்று வீடியோவில் ஒருவர் சொன்னாராம். அவர் உங்களைப் பார்த்தாரா?

சரி, எனக்குப் பயம் தந்தது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய கடைசி வரி. ‘மாடி ஏறினால் இப்போதெல்லாம் மூச்சு வாங்குகிறது, ஆனால் நெஞ்சு வலியே இல்லை, அதனால் ஹார்ட் நன்றாக இருக்கிறது.’ அந்த ‘அதனால்’ உங்களுக்குப் பொருந்தாது. இதயத்தின் வலியை மூளைக்குக் கொண்டுபோவதும் இந்த நரம்புகளோடு ஓடுகிற இழைகள்தான். அவை கெட்டுப்போனால் அடைப்பு வந்தாலும் வலி தெரியாமல் போகலாம். நீண்ட நாள் சர்க்கரைக்காரர் ஒருவர் ஒரு காலையில் என் கிளினிக்குக்குத் தானே ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “குமட்டுது டாக்டர், கேஸ்தான், இஞ்சி டீ குடிச்சேன்” என்றார். வலி இருக்கிறதா என்று மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் இல்லை என்றார். ஈசிஜி தாளில் மாரடைப்பு பளிச்சென்று இருந்தது.

ஆகவே திடீரென மூச்சு முட்டினாலோ, காரணமில்லாமல் குளிர்ந்த வியர்வை கொட்டினாலோ, வலிக்காகக் காத்திருக்காதீர்கள். ஸ்கூட்டரையும் எடுக்காதீர்கள். 108க்கு அடியுங்கள். குளுக்கோமீட்டர் கையில் இருந்தால் வண்டி வருவதற்குள் சர்க்கரை பாருங்கள், தாழ்சர்க்கரையும் இப்படி வியர்க்க வைக்கும்.

மாடி ஏறினால் வாங்குகிற மூச்சுக்கு இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க ஒதுக்கி வைத்திருக்கும் பணத்தில் ஈசிஜி, எக்கோ இரண்டும் எடுத்து மிச்சமும் இருக்கும்.